வாசகர் கேள்வி பதில்: இயல்பிருப்பு யாருடைய முடிவு?

சென்ற இதழில் லினக்ஸ் பொதிகளைப் பற்றி எழுதியபோது, "ஒரு நிரலை எழுதியவர் எந்த அமைப்போடு வெளியிட்டாரோ, அதை அப்படியே பயனரிடம் சேர்ப்பதே வழங்கல்களுக்கு அழகு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பகுதியை நிறைத்துவிட்டன. ஆமோதித்தவர்களைவிடச் சண்டைக்கு வந்தவர்களே அதிகம். அவர்களில் சிலர் சொல்வது சரி என்பதால் அவர்களுடைய கடிதங்களையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழப்பம் வராதிருக்க ஒரு சொற்குறிப்பு: லினக்ஸோடு பல நிரல்களையும் சேர்த்துத் தரும் டெபியன், உபுண்டு போன்றவற்றை வழங்கல் என்றும், அவை நிறுவத் தயாராகத் தரும் நிரல் கட்டைப் பொதி என்றும், நிரலை எழுதி வெளியிடும் மூலக் குழுவை அப்ஸ்ட்ரீம் என்றும், அதைத் தம் வழங்கலுக்கு ஏற்பக் கட்டித் தருபவரைப் பொதியாளர் என்றும், பயனர் எதுவும் சொல்லாதபோது நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பை இயல்பிருப்பு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, பல பயனர்கள் நுழைந்து வேலை செய்யும் ஒரு சர்வரை நான் பராமரிக்கிறேன். வழங்கலைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியதும், விம் திருத்தியில் சுட்டியால் சொற்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும் வழக்கம் நின்றுபோயிற்று. எல்லாருக்கும் பொதுவான அமைவுக் கோப்பில், சுட்டியை அணைக்கும் வரியை எழுதிப் பார்த்தேன், பலனில்லை. எழுதியவர் வைத்த இயல்பிருப்பை அப்படியே சேர்த்தால் இப்படித்தானே ஆகும்?

பதில்: இப்படித்தான் ஆகும், பலருக்கும் ஆயிற்று. 2016 செப்டம்பரில் வெளியான விம் 8.0 பதிப்பில் 'டிஃபால்ட்ஸ்' என்ற பெயரில் புதிய கோப்பு ஒன்று சேர்ந்தது. புதிதாக வருபவர்களுக்கு விம் மொட்டையாகக் காட்சியளிக்கிறது என்பது நெடுநாள் குறை. அதைப் போக்கும் பொருட்டு, தொடரியல் வண்ணம், சுட்டி வசதி முதலியவற்றைத் தொடக்கத்திலேயே இயக்கி வைப்பது அந்தக் கோப்பின் வேலை. நோக்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் சுட்டியை விம் தன் கைக்குள் எடுத்துக்கொண்டதும், அதுவரை டெர்மினலின் பொறுப்பில் இருந்த தேர்வும் நகலும் பறிபோயின. (ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் பெரும்பாலான டெர்மினல்களில் பழைய வழக்கம் அப்போதைக்குத் திரும்பும்.)

நீங்கள் எழுதிய வரி ஏன் பலிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. விம் முதலில் கணினிக்குப் பொதுவான அமைவுக் கோப்பைப் படிக்கிறது. அடுத்து, பயனரின் வீட்டு அடைவில் அவருடைய சொந்தக் கோப்பைத் தேடுகிறது. அப்படி ஒன்று இல்லாவிட்டால் டிஃபால்ட்ஸ் கோப்பைப் படிக்கிறது. ஆகவே, நீங்கள் முதலில் சொன்னதை, கடைசியில் வரும் இயல்பிருப்பு மாற்றி எழுதிவிடுகிறது. யாரும் எதுவும் சொல்லாத இடத்தில் மட்டும் பேச வேண்டிய ஒன்று, நிர்வாகி வாய் திறந்து சொன்ன பிறகும் குறுக்கே பேசுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஒரு பயனர் தன் வீட்டு அடைவில் வெற்றுக் கோப்பு ஒன்றை விம்மின் அமைவுக் கோப்பாக உருவாக்கினாலே போதும், டிஃபால்ட்ஸ் முழுவதும் ஓய்ந்துவிடும், சுட்டித் தொல்லையோடு, அவர் விரும்பியிருந்த மற்ற வசதிகளும் போய்விடும்.

டெபியனின் பொதியாளர்கள் இந்த வாசிப்பு வரிசையில் கைவைக்கவில்லை. பொதுக் கோப்பிலேயே, "பயனருக்குச் சொந்தக் கோப்பு இல்லையென்றால் டிஃபால்ட்ஸ் பின்னால் வந்து இங்கே உள்ளவற்றை மீறும், அது வேண்டாமென்றால் கீழேயுள்ள வரியைச் செயல்படுத்துங்கள்" என்ற பொருளில் ஒரு விளக்கத்தையும், டிஃபால்ட்ஸைத் தவிர்க்கும் மாறிக்கு 1 என்று மதிப்பளிக்கும் வரியையும் செயலற்ற நிலையில் எழுதி வைத்தார்கள். உங்கள் வழங்கல் டெபியனின் வழிவந்தது என்றால், அந்த வரியின் தொடக்கத்தில் உள்ள மேற்கோள் குறியை நீக்குங்கள். பிறகு நீங்கள் எழுதிய வரி பலிக்கும். நான் பொதியாளராக இருந்திருந்தால், டிஃபால்ட்ஸைப் பொதுக் கோப்புக்கு முன்னால் படிக்கும்படி வரிசையை மாற்றியிருப்பேன். சென்ற இதழில் நான் எழுதிய வரிக்கு இது நேர் எதிரானது என்பது எனக்குத் தெரிகிறது.

கேள்வி: பொதியாளர் என்பவர் அந்த நிரலை எழுதாதவர், பல நேரங்களில் அதன் உட்கட்டமைப்பை முழுதாக அறியாதவர். எழுதியவரின் முடிவை மாற்ற அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? டெபியனில் குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் பொதியைக் கைவைத்துக் கெடுத்த கதையை மறந்துவிட்டீர்களா? நான் உங்கள் கட்சி. சென்ற இதழில் எழுதியதிலிருந்து பின்வாங்காதீர்கள்.

பதில்: அதிகாரம் உரிமத்திலிருந்து வருகிறது. கட்டற்ற மென்பொருளின் உரிமம், மாற்றவும் மாற்றியதைப் பகிரவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பொதியாளரும் அந்த எல்லாருள் ஒருவர். கேட்க வேண்டியது, அந்த உரிமையை எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பதுதான்.

முதலில், தலையிட்டது நன்மையாக முடிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கணினியைத் தொடக்கிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி நிரலின், 2016 மே மாதம் வெளியான 230 பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய அமர்வில் மிச்சமிருக்கும் எல்லாச் செயல்முறைகளையும் கொன்றுவிடுவது இயல்பிருப்பாக்கப்பட்டது. வெளியேறிய பின்னும் பின்னணியில் தொங்கிக்கொண்டு வளங்களைத் தின்னும் செயல்முறைகளை ஒழிப்பது அப்ஸ்ட்ரீமின் கருத்து. ஆனால், இரவெல்லாம் ஓட வேண்டிய ஒரு கணக்கீட்டை இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டீமக்ஸுக்குள்ளோ ஸ்கிரீனுக்குள்ளோ தொடங்கி வைத்துவிட்டு இணைப்பைத் துண்டித்து உறங்கப் போவது பல பத்தாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் உள்ளவர் காலையில் திரும்பி வந்து பார்த்தால் கணக்கீட்டின் சுவடே இருக்காது. டெபியன் தன் பொதியில் இந்த இயல்பிருப்பைப் பழைய நிலைக்கே திருப்பிக் கட்டியது. அப்படிக் கட்டுவதற்கான விருப்பத்தை அப்ஸ்ட்ரீமே கம்பைல் நிலையில் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கட்டத்தில்) தந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூலநிரலைக் கீறாமலே பொதியாளரால் இதைச் செய்ய முடிந்தது. புதிய நடத்தையை விரும்புபவர் சிஸ்டம்டியில் பயனர் அமர்வுகளைக் கவனிக்கும் லாகின்டியின் அமைவுக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

இப்போது நீங்கள் நினைவூட்டிய கதை. அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பலரும் சொல்வதுபோல் 'தெரியாதவன் கைவைத்தான்' என்ற அளவில் முடிவதில்லை. நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரிண்ட் என்னும் கருவி, தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகத்தை ஓபன்எஸ்எஸ்எல் படிக்கிறது என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது. 2006இல் டெபியனின் பொதியாளர், எச்சரிக்கைக்குக் காரணமான 2 வரிகளை நீக்குவது குறித்து ஓபன்எஸ்எஸ்எல் நிரலாளர்களிடம் கேட்கவும் செய்தார், தடுத்து நிறுத்தும்படியான பதில் வரவில்லை, நீக்கினார். அவற்றில் ஒரு வரிதான், சேகரித்த தற்செயல் தரவுகளைச் சீரற்ற எண் ஆக்கியின் குளத்துக்குள் கலக்கும் வரி. அது போனதும், மிஞ்சிய ஒரே வேறுபாடு, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் செயல்முறை எண். அந்த எண்ணின் இயல்பான உச்ச வரம்பு 32,768. ஆக, ஒரு வகைக் கணினியில் ஒரு குறிப்பிட்ட நீளத்தில் உருவாகக்கூடிய எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) சாவிகள், உட்கார்ந்து எண்ணி முடிக்கக்கூடிய அந்தத் தொகைக்குள் அடங்கிவிட்டன. ஏறக்குறைய 20 மாதங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியானபோது, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு முதலியவற்றிலும் அந்த இடைக்காலத்தில் உருவான சாவிகள் எல்லாவற்றையும் தூக்கியெறிய வேண்டியதாயிற்று. அந்தச் சாவிகள் வேறு வழங்கல்கள் ஓடும் சர்வர்களிலும் நுழைவு அனுமதி பெற்றிருந்ததால், டெபியனையே தொடாதவர்களும் தப்பவில்லை.

உங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. இருந்தாலும் 2024இல் எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நூலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் இருந்த கள்ளக்கதவு, அப்ஸ்ட்ரீமே வெளியிட்ட மூலநிரல் கட்டுக்குள் வைக்கப்பட்டு வந்தது. அந்தக் கட்டைப் 'பொதியாளர் கைவைக்காமல்' அப்படியே எடுத்துக் கட்டியவர்கள்தான் அதைத் தங்கள் சோதனைக் களஞ்சியங்களுக்குள் கொண்டுவந்தார்கள். அது குறிவைத்ததோ எஸ்எஸ்எச் சேவையை. அந்தச் சேவையைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் நிரலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை, சேவை தயாராகிவிட்டதைச் சிஸ்டம்டிக்கு அறிவிக்கும் பொருட்டு ஓபன்எஸ்எஸ்எச்சில் தாமாக ஒரு பேட்ச் (மூலநிரல் திருத்தம்) போட்டு, சிஸ்டம்டியின் நூலகத்தை அதனுடன் இணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட்டைக் கையோடு அழைத்து வந்தது. அந்தப் பேட்ச் இல்லாத ஆர்ச் லினக்ஸில் எஸ்எஸ்எச் வழியே இந்தத் தாக்குதலுக்குப் பாதை இல்லை. ஆக, விஷம் அப்ஸ்ட்ரீமுடையது, வாசல் பொதியாளருடையது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் நிரலாளர், எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவது ஏன் என்று குடைந்து பார்த்து, 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்தியதால் நிலையான பதிப்புகளுக்கு அது பரவவில்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8, அந்த அறிவிப்பு வசதியை வெளி நூலகம் எதுவும் இல்லாமல் தானே தரத் தொடங்கியது. பல வழங்கல்களுக்கு ஒரே பேட்ச் தேவைப்படுகிறது என்றால், அது வந்து சேர வேண்டிய இடம் அப்ஸ்ட்ரீம்தான்.

இவ்வளவுக்குப் பிறகு என் பழைய வரியை நான் காப்பாற்ற விரும்பவில்லை. உங்களை ஏமாற்றுவதற்கு மன்னிக்கவும். இயல்பிருப்பை யார் வைத்தார் என்பதைவிட, அது மாறியது பயனருக்குத் தெரிவிக்கப்பட்டதா, பயனர் ஏற்கெனவே சொன்னதை அது மதிக்கிறதா, திரும்பிப் போக வழி விட்டிருக்கிறதா என்பவையே முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

கேள்வி: கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ்எக்ஸ்சி நிரலைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஒரு நாள் வழக்கமான புதுப்பித்தலுக்குப் பிறகு, உலாவியில் கடவுச்சொல் தானாக நிரம்புவது நின்றுவிட்டது. அமைப்புகளில் தேடினால் அந்தப் பக்கமே இல்லை. பாதுகாப்புக்காக நீக்கப்பட்டது என்கிறார்கள். என் பாதுகாப்பை முடிவு செய்ய வேண்டியவன் நானல்லவா?

பதில்: நீங்கள்தான். 2024 மே மாதம் டெபியனின் நிலையற்ற கிளையில் நடந்த மாற்றம் இது. வலை வசதி, உலாவி இணைப்பு முதலிய எல்லாவற்றையும் நீக்கிக் கம்பைல் செய்ததைக் கீபாஸ்எக்ஸ்சி என்ற பழைய பெயரிலேயே பொதியாளர் வெளியிட்டார். எல்லா வசதிகளும் கொண்டதற்கு 'ஃபுல்' என்ற ஒட்டுடன் புதிய பெயர் கொடுத்தார். கடவுச்சொல் பெட்டகத்தில் நிரல் வரிகள் குறையக் குறையத் தாக்குவதற்கான இடமும் குறையும் என்ற அவருடைய வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அப்ஸ்ட்ரீம் குழுவின் மறுமொழி இன்னும் நேரானது: அந்த வசதிகள் நிரலுக்குள் இருந்தாலும், பயனர் தாமே போய் இயக்கும்வரை அணைந்தே கிடக்கின்றன. அப்படியானால், இந்த மாற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் அந்த வசதியை வேண்டுமென்றே இயக்கியவர்கள். வேண்டாதவர்களுக்கு எதுவும் மாறவில்லை. வேண்டியவர்களிடமிருந்து மட்டுமே பறிக்கப்பட்டது.

இங்கே நான் குறை காண்பது பெயரில். மெலிந்த பொதி ஒன்றைத் தனியாகத் தருவது நல்ல யோசனை. அதற்கு 'மினிமல்' என்று பெயர் வைத்து, பழைய பெயரைப் பழைய பொருளுக்கே விட்டிருக்கலாம். ஒரு பெயரை நம்பி நிறுவியவருக்கு, அதே பெயரில் வேறொன்றை அனுப்பும்போது இயல்பிருப்பு மட்டும் மாறுவதில்லை. அவர் முன்பு செய்த தேர்வின் பொருளும் மாறிவிடுகிறது. அமைப்பில் மாற்றக்கூடிய ஒன்றைக் கம்பைல் நிலையில் வெட்டிவிட்டால் பயனரால் எந்தப் பெட்டியைச் சொடுக்கியும் திரும்பப் பெற முடியாது. மூலநிரலை எடுத்துத் தாமே கட்ட வேண்டும், அல்லது வேறு பொதியைத் தேட வேண்டும். உங்களுக்கு உடனடித் தீர்வு, ஃபுல் என்ற ஒட்டுள்ள பொதியை நிறுவுவது. கடவுச்சொற்கள் இருக்கும் தரவுக் கோப்புக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை.

கேள்வி: நான் ஒரு சிறிய வரைகலை நிரலை எழுதி வெளியிட்டு வருகிறேன். ஒரு வழங்கல் அதன் இயல்பிருப்புகள் சிலவற்றை மாற்றித் தருகிறது. குறை சொல்பவர்களோ என்னிடம் வருகிறார்கள். நான் எழுதாத பிழைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதியாக்குவதையே தடை செய்யலாமா?

பதில்: கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டு அதைத் தடை செய்ய இயலாது, கேட்டுக்கொள்ளலாம். உங்கள் கையில் சட்டப்படி இருக்கும் ஒரே கருவி பெயரும் சின்னமும்தான். மொசில்லா அதைப் பயன்படுத்தியது: ஃபயர்பாக்ஸ் என்ற பெயரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் சின்னமும் வேண்டும், பேட்ச்களுக்கு ஒப்புதலும் வேண்டும் என்று 2006இல் வற்புறுத்தியதால், டெபியன் அந்த உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றி, 10 ஆண்டுகள் அப்படியே வழங்கியது, 2016இல்தான் பழைய பெயர் திரும்பியது. 2025 பிப்ரவரியில், காணொளிப் பதிவு நிரலான ஓபிஎஸ் ஸ்டூடியோவின் குழு, ஃபெடோரா தானே கட்டிய பிளாட்பாக் (எந்த வழங்கலிலும் ஓடும் பொதி வடிவம்) பொதி பழுதாக இருக்கிறது, பயனர்களோ அதை எங்களுடையது என்று நினைத்து எங்களிடம் முறையிடுகிறார்கள் என்று சொல்லிச் சட்ட நடவடிக்கை வரை பேசியது. பிறகு பேச்சுவார்த்தையில் தணிந்தது. உங்கள் வருத்தம் தனி வருத்தமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் வழக்குக்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. நிரலின் 'பற்றி' என்ற சாளரத்தில், யார் கட்டிய பொதி என்பது தெரியும்படி ஓர் இடம் ஒதுக்குங்கள். குறை சொல்ல வருபவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். வழங்கல்கள் மாற்ற விரும்பக்கூடிய இயல்பிருப்புகளை மூலநிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பாக வெளியே வையுங்கள். க்னோம் பணிமேடையின் அமைப்புத் தரவுகளுக்கு மேல் வழங்கல்கள் தங்கள் மதிப்புகளை எழுதி வைக்க ஓவர்ரைடு கோப்பு இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் நிறுவனங்களும் வழங்கல்களும் பயன்படுத்தக் கொள்கைக் கோப்பு இருக்கிறது. இப்படி ஒரு வாசல் இருந்தால் பொதியாளர் சுவரை இடிக்க மாட்டார். சிஸ்டம்டியின் கம்பைல் விருப்பத்தை முன்பு சொன்னேன் அல்லவா? அதுவும் இத்தகைய வாசல்தான். கடைசியாக ஒன்று: அந்தப் பொதியாளர் ஏன் மாற்றினார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில், நூறு பயனர்கள் அவரிடம் முறையிட்டிருப்பார்கள். அது உங்கள் காதுக்கு வந்திருக்காது.

கேள்வி: உபுண்டுவில் பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையால் ஃபயர்பாக்ஸை நிறுவினால், கேட்காத ஸ்னாப் வடிவம் (உபுண்டுவின் தனிப் பொதி வடிவம்) வந்து உட்கார்ந்துகொள்கிறது. மொசில்லாவின் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகும் அதுவே வருகிறது. இது எப்படி?

பதில்: உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் என்ற டெப் (டெபியன் வகைப் பொதி வடிவம்) பொதிக்குள் உலாவி இல்லை. ஸ்னாப்பை வரவழைக்கும் சிறு வழிமாற்றி மட்டுமே இருக்கிறது. அந்தப் பொதியின் பதிப்பு எண்ணைப் பார்த்தீர்களானால், முதலில் ஒன்று என்ற இலக்கமும் அதையடுத்து ஒரு முக்காற்புள்ளியும் இருக்கும். முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் எண் டெப் கணக்கில் யுகத்தைக் குறிக்கிறது. யுகம் பெரிதானால் மற்ற இலக்கங்களை ஒப்பிடுவதே இல்லை. மொசில்லாவின் களஞ்சியத்தில் உள்ள பொதிக்கு அப்படி யுகம் கிடையாது, அதாவது சுழியம். எனவே அது எத்தனை புதிய பதிப்பாக இருந்தாலும் வெறும் வழிமாற்றியிடம் தோற்றுப்போகும். ஆப்ட்டின் முன்னுரிமைக் கோப்பில், மொசில்லாவின் களஞ்சியத்துக்கு 1000 என்ற முன்னுரிமையைக் கொடுங்கள். 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால், பதிப்பைப் பின்னுக்கு இறக்கியாவது அந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவ ஆப்ட் ஒப்புக்கொள்ளும். 2024 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 122 முதல், மொசில்லா நிலையான பதிப்பையும் டெப் வடிவில் தானே வழங்குகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த ஸ்னாப்பை வெளியிடுவதும் மொசில்லாதான். அப்ஸ்ட்ரீம் கட்டியதை அப்படியே தர வேண்டும் என்ற என் பழைய விதிப்படி பார்த்தால் உபுண்டு செய்தது முற்றிலும் சரி. ஆனாலும் ஒன்றைக் கேட்டவருக்கு வேறொன்று வந்திருக்கிறது. லினக்ஸ் மின்ட் இதற்கு எதிர்த்திசையில், 2020இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து, ஸ்னாப் சேவையே தானாக நிறுவப்படாதபடி தடுத்தது. அதுவும் பயனருக்காக மற்றொருவர் எடுத்த முடிவுதான். ஆனால் அந்தத் தடை, முன்னுரிமை அடைவில் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஒரு சிறு கோப்பாக இருக்கிறது. அதை அழித்தால் தடை நீங்கிவிடும். ஒருவருடைய முடிவைத் திணித்தாலும் இந்த அளவு நாகரிகத்தோடு திணித்தால் எனக்குப் பெரிய புகார் இல்லை.

கேள்வி: புதுப்பிக்கும்போது நடுவில் நின்று, என் கோப்பை வைத்துக்கொள்ளவா, பொதியாளரின் கோப்பைப் போடவா என்று கேட்கிறது. எதை அழுத்த வேண்டும்?

பதில்: எதுவும் தெரியாத நிலையில் வெறுமனே என்டர் விசையைத் தட்டுங்கள், உங்கள் கோப்பு பிழைத்துக்கொள்ளும். டெபியன் வகை வழங்கல்களில் டிபிகேஜி கேட்கும் இந்தக் கேள்விக்கு, இருப்பதை வைத்துக்கொள்வதே இயல்பான விடை. நேரமிருந்தால் 'டி' எழுத்தைத் தட்டி, இரண்டு கோப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்.

இந்தக் கேள்வி எல்லா நேரமும் வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்பு தந்த கோப்பின் சரிபார்ப்புத் தொகையை டிபிகேஜி நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் கோப்பைத் தொடவே இல்லையென்றால் புதியதைச் சத்தமில்லாமல் போடுகிறது. நீங்கள் மாற்றி, பொதியாளர் மாற்றவில்லையென்றால் உங்களுடையதைச் சத்தமில்லாமல் விட்டுவைக்கிறது. இருவரும் மாற்றியிருந்தால்தான் நிறுத்திக் கேட்கிறது. நிர்வாகி செய்த மாற்றம் புதுப்பித்தலில் அழியக்கூடாது என்பது டெபியனின் எழுதப்பட்ட விதி. ஃபெடோரா போன்ற ஆர்பிஎம் வழங்கல்கள் கேட்பதில்லை. பொதியாளர் அப்படிக் குறித்திருந்தால் உங்களுடையதை வைத்துக்கொண்டு, புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைக்கும். ஆர்ச்சில் அதன் பெயர் 'பேக்நியூ'. அவற்றை யாராவது திறந்து பார்க்கிறார்களா என்பது வேறு கதை.

ஒருமுறை நான் அவசரத்தில் பொதியாளரின் கோப்புக்கு ஒப்புதல் கொடுத்தேன். அது, நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்ட விடும் சூடோவின் அமைவுக் கோப்பு. எனக்கு அதிகாரம் தரும் வரியை அதற்குள்தான் எழுதி வைத்திருந்தேன். பழைய கோப்பை டிபிகேஜி பத்திரமாக 'டிபிகேஜி ஓல்டு' என்ற பின்னொட்டோடு அதே அடைவில் வைத்திருந்தது. அதை மீட்டெடுக்கத் தேவையான அதிகாரமோ அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்தது. மீட்பு நிலையில் கணினியைத் தொடங்கித்தான் வெளியே வந்தேன். அதிலிருந்து மூலக் கோப்பைத் தொடுவதில்லை. துணை அடைவில் சிறு கோப்பாக எழுதி வைக்கிறேன். சிஸ்டம்டியிலும் இதே முறைதான்: பொதியாளருடையவை யுஎஸ்ஆர் அடைவுக்குக் கீழே, உங்களுடையவை ஈடிசி அடைவுக்குக் கீழே; சிஸ்டம்சிடிஎல் கட்டளையை எடிட் என்ற சொல்லோடு ஓட்டினால் உங்கள் வரிகள் மட்டும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். இருவரும் ஒரே கோப்பில் எழுதாதவரை, எவர் கோப்பு என்ற கேள்வி எழுவதில்லை.

கேள்வி: ஜென்டூவுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடுமல்லவா?

பதில்: ஜென்டூவில் நிரல்களை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்வதால், யூஸ் கொடிகள் வழியாக எந்த வசதி கம்பைல் ஆக வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம், கீபாஸ்எக்ஸ்சி போன்ற சிக்கல் அங்கே எழாது. ஆனால் நீங்கள் சொல்லாத கொடிகளின் மதிப்பை, நீங்கள் தேர்ந்தெடுத்த சுயவிவரத்தை எழுதியவர் வைத்திருக்கிறார். பொறுமை இருந்தால் போங்கள்.

கேள்வி: பொதியாளர் என்னவெல்லாம் மாற்றியிருக்கிறார் என்பதை ஒரு சாதாரணப் பயனர் எப்படி அறிவது?

பதில்: டெபியனையும் அதன் வழிவந்தவற்றையும் வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு பொதியின் ஆவண அடைவிலும் 'ரீட்மீ டெபியன்' என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வழங்கலுக்கே உரிய மாறுபாடுகளை அதில் எழுதுவது மரபு. ஆப்ட் லிஸ்ட்சேஞ்சஸ் என்ற பொதியை நிறுவிக்கொண்டால், புதுப்பிக்கும்போது முக்கியமான மாற்ற அறிவிப்புகளை நிறுவுவதற்கு முன்பே காட்டும். சில பொதிகளில் கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்: எஸ்எஸ்எச் சேவையின் அமைவுக் கோப்புக்கான கையேட்டை டெபியனில் திறந்தால், அப்ஸ்ட்ரீமின் இயல்பிருப்பிலிருந்து டெபியன் வேறுபடும் இடங்கள் தொடக்கத்திலேயே பட்டியலாக இருக்கும். எக்ஸ்11 முன்னனுப்பலை (தொலைக் கணினியின் வரைகலைச் சாளரங்களை நம் திரையில் காட்டும் வசதி) அப்ஸ்ட்ரீம் அணைத்து வைத்திருக்க, டெபியன் இயக்கி வைத்திருப்பது அந்தப் பட்டியலில் ஒன்று. சர்வரில் அது தேவையில்லை என்றால் இன்றே அணைத்துவிடுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் மூலப் பொதியை இறக்கி, டெபியன் என்ற அடைவுக்குள் பேட்ச்களுக்கான அடைவைத் திறந்து பாருங்கள். முறையாக எழுதப்பட்ட பேட்சின் தலைப்பில், எதற்காக இது, யார் எழுதியது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பப்பட்டதா என்ற விவரங்கள் இருக்கும். கடைசி விவரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 'அனுப்பத் தேவையில்லை' என்று இருந்தால் அது வழங்கலின் சொந்த விருப்பம். அதற்கான காரணமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். காரணம் இல்லாமல் நடத்தையை மாற்றும் பேட்ச் கண்ணில் பட்டால் 'ரிப்போர்ட்பக்' கட்டளையால் அதை வழுவாகப் பதிவு செய்யுங்கள். அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பாதீர்கள், முந்தைய கடிதம் எழுதிய நிரலாளர் உங்களுக்கு நன்றி சொல்வார்.